படகை எங்கே கட்டுவீர்கள்? லண்டன் கால்வாயில் குடியேற மூன்று வழிகள்

லண்டனில் தனியார் வாடகையின் சராசரி மாதத்துக்கு 2,000 பவுண்டைத் தாண்டிய பிறகு, கால்வாயில் ஒரு படகு வாங்கிக் குடியேறிவிடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆல்பர்ட்டனில் ஈலிங் ரோட்டுத் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், பாலத்துக்குக் கீழே கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையில் நிற்கும் நீளப் படகுகளையும் அவற்றின் புகைபோக்கியிலிருந்து எழும் புகையையும் பார்த்துவிட்டு, ஐம்பதாயிரம் பவுண்டுக்கு ஒரு வீடே கிடைக்கிறதே என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அதன்பின் வரும் கேள்விகள் பெரும்பாலும் படகைப் பற்றியவை: எத்தனை அடி நீளம், எந்த எஞ்சின், புதியதா பழையதா. அவற்றுக்கெல்லாம் விடை உண்டு. ஆனால் அவை இரண்டாவதாக வர வேண்டிய கேள்விகள். மூரிங் என்று இங்கே எல்லோரும் சொல்லும் படகு கட்டுமிடத்தைத் தீர்மானித்த பிறகே படகைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுச் செலவு, அன்றாட உழைப்பு, பிள்ளைகளின் பள்ளி, சட்டப் பாதுகாப்பு ஆகிய நான்கும் கட்டுமிடத்தைப் பொறுத்தவை; படகின் நீள அகலம்கூட அதற்கேற்பவே அமைய வேண்டும்.

## சட்டம் எங்கே பிரிக்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நிர்வகிக்கிறது. அதற்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்த அரசு அமைப்பான பிரிட்டிஷ் வாட்டர்வேஸின் காலத்தில் இயற்றப்பட்ட 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே, யாருக்குப் படகு உரிமம் கிடைக்கும் என்பதை இன்றும் தீர்மானிக்கிறது. அது கேட்பவை மூன்று: படகுப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும், காப்பீடு இருக்க வேண்டும், மூன்றாவதாக, படகுக்கென்று ஒரு நிலையான மூரிங் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் உரிமக் காலம் முழுவதும் படகு உண்மையாகவே பயணத்துக்குப் பயன்பட வேண்டும். அப்படிப் பயணிக்கும் படகு, சூழ்நிலை நியாயப்படுத்தினாலொழிய, ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது.

நடைமுறையில் இதிலிருந்து மூன்று வழிகள் பிறக்கின்றன. மூரிங் எதுவும் இல்லாமல் நகர்ந்துகொண்டே வாழ்வது முதலாவது. இதைக் கன்டினியூஸ் குரூசிங் என்பார்கள். குடியிருக்க அனுமதி பெற்ற மூரிங்கை வாடகைக்கு எடுப்பது இரண்டாவது. பொழுதுபோக்குப் படகுகளுக்கான மூரிங்கை மலிவாக எடுத்து, அதில் ஓசைப்படாமல் குடியிருப்பது மூன்றாவது. டெடிங்டனுக்கு மேலுள்ள தேம்ஸ் நதி வேறொரு முகமையின் கீழ், வேறு உரிமத்தோடு இயங்குவதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் சட்டப் பாதுகாப்பு. நாளை யாராவது போகச் சொன்னால் நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். விடை எந்த வழியிலும் முழு மனநிறைவு தராது. கரவன் வீடுகளில் வாழ்பவர்களுக்கு 1983ஆம் ஆண்டின் நடமாடும் வீடுகள் சட்டம் தரும் பாதுகாப்பு படகில் வாழ்பவர்களுக்குக் கிடையாது.

இரண்டாவது பணம். இதில் எல்லா வழிகளுக்கும் பொதுவான செலவுகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிறகு வேறுபாட்டை மட்டும் பார்க்கலாம். வாங்கும் முன் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, அடித்தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் அளந்து பார்க்கும் சர்வே ஒன்று கட்டாயம் வேண்டும். நேரோபோட் எனப்படும் குறுகிய, நீளமான கால்வாய்ப் படகு நல்லதாக இருந்தால், அதில் அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6 மில்லிமீட்டர், கூரை 4 மில்லிமீட்டர் என்று கட்டியிருப்பார்கள். தகடு எங்காவது 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் முழுக் காப்பீடு கிடைப்பது கடினம். மேல்தகடு வைத்துப் பற்றவைக்கும் செலவு பல ஆயிரம் பவுண்டு போகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தூக்கி, தார்ப்பூச்சு பூசி, துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் அனோடுகளை மாற்ற வேண்டும். பாதுகாப்புச் சான்றிதழை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சாதாரண வீட்டுக் கடனைப் படகுக்குத் தர மாட்டார்கள். கடல்சார் கடன் என்று தனியாக உண்டு, அதற்கு முன்பணம் கூடுதல், தவணைக் காலம் குறைவு, வட்டி அதிகம். வாங்கிய விலை வீட்டைப்போல் ஏறாது, பொதுவாக இறங்கும். இந்த ஒன்றை மறந்துவிட்டு வாடகையையும் படகையும் ஒப்பிடுபவர்களின் கணக்கு எப்போதும் படகுக்குச் சாதகமாகவே முடிகிறது.

மூன்றாவது, உடல் உழைப்பும் நேரமும். நான்காவது, முகவரி, வேலை, பள்ளி, விசா. ஐந்தாவது குளிர்காலம். ஜூலையில் கால்வாயோரம் நடந்து பார்த்து எடுக்கும் முடிவு ஜனவரியில் நிற்குமா என்பதை ஒவ்வொரு வழிக்கும் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

## முதல் வழி: மூரிங் இல்லாமல் நகர்ந்துகொண்டிருப்பது

லண்டனில் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், காரணம் வெளிப்படை. மூரிங் வாடகை இல்லை. நடுத்தர நீளமுள்ள நேரோபோட்டுக்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேலே, அத்துடன் காப்பீடு. 2024 ஏப்ரல் முதல், மூரிங் இல்லாத படகுகளுக்கு ஒரு கூடுதல் கட்டணம் விதிக்கப்பட்டு, அது படிப்படியாக ஏறி 2028இல் 25 விழுக்காட்டை எட்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதையும் சேர்த்தாலும், ஓர் ஆண்டு உரிமத்தின் செலவு லண்டனில் ஒரு மாத வாடகைக்குள் அடங்கிவிடும்.

ஆனால் 14 நாளுக்கு ஒருமுறை நகர்வது என்ற சொற்றொடரைக் கேட்பவர்கள் அதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். பாலத்துக்கு இந்தப்பக்கம் இரண்டு வாரம், அந்தப்பக்கம் இரண்டு வாரம் என்று மாறி மாறி நின்றால் அது பயணமாகாது. ஓர் உரிமக் காலத்தில் படகு சென்று வந்த எல்லை 20 மைலுக்குக் குறைவாக இருந்தால் தங்களைத் திருப்திப்படுத்துவது மிகக் கடினம் என்று டிரஸ்ட் தன் வழிகாட்டுதலில் சொல்கிறது. பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே எதிர்பார்க்கிறது. பாடிங்டன் கிளை, புல்ஸ் பிரிட்ஜிலிருந்து பாடிங்டன்வரை, லாக் ஒன்றுகூட இல்லாமல் பதின்மூன்றரை மைல் ஓடுகிறது. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவுகளைக் கையால் தள்ளத் தேவையில்லை என்பதால் புதியவர்கள் அந்தக் கிளைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர ஆசைப்படுகிறார்கள். அங்கேயே நின்றுவிட்டால் அந்த 20 மைல் தேறாது. படகின் எண்ணைக் குறித்துக்கொண்டு கரையோரம் நடக்கும் ஊழியர்கள் எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். பதிவு போதவில்லையென்றால் முழு ஆண்டு உரிமத்துக்குப் பதிலாக ஆறு மாத உரிமம் வரும். அதன் பிறகும் மாறாவிட்டால் உரிமமே மறுக்கப்படலாம். உரிமமில்லாத படகை 1983ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ் நீரிலிருந்தே அகற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டைக் கிரேன் வைத்துத் தூக்கிச் செல்வது என்பதுதான் அதன் பொருள்.

வேலைக்குப் போகும் தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும், பிள்ளையின் பள்ளிக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதையும் நீண்ட நாள் நிற்பதற்கான காரணமாக ஏற்க மாட்டோம் என்று அதே வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. நோய், எஞ்சின் பழுது, உறைபனி போன்றவற்றுக்கு அவகாசம் உண்டு. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி தனி ஏற்பாடு கேட்கலாம். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்த வழி பொருந்தாது என்பதற்கு இந்த ஒரு விதியே போதும்.

நேரச் செலவையும் சொல்ல வேண்டும். கால்வாயில் வேக எல்லை மணிக்கு 4 மைல். நிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதிலும் பாதியாகக் குறைக்க வேண்டும். கேம்டனிலிருந்து லைம்ஹவுஸ் நோக்கி ரீஜன்ட் கால்வாயில் இறங்கினால், 1820இலிருந்து இருக்கும் அந்த லாக் வரிசையில் ஒவ்வொன்றிலும் கரையேறி, வின்ட்லஸ் எனும் கைப்பிடிச் சாவியால் மதகைத் திறந்து, நீர் சமமாகும்வரை காத்திருந்து, கதவை முதுகால் தள்ள வேண்டும். இருவர் இருந்தால் ஒரு சனிக்கிழமை போகும். தனியாள் என்றால் ஞாயிறும் சேர்ந்து போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் கட்ட இடம் இருக்குமா என்பது அடுத்த கவலை. ஹாக்னி, கிங்ஸ் கிராஸ் போன்ற இடங்களில் ஏற்கெனவே கட்டியிருக்கும் படகோடு இரண்டாவதாக ஒட்டிக் கட்டுவதே வழக்கம். அப்போது பக்கத்துப் படகின் மேல்தளத்தைக் கடந்துதான் கரைக்குப் போக வேண்டும், நாமே உள்பக்கம் இருந்தால் நள்ளிரவில் அயலாரின் காலடி நம் தலைக்குமேல் கேட்கும். லிட்டில் வெனிஸ், பாடிங்டன் பகுதியின் சில இடங்களுக்கு முன்பதிவும் இரவுக் கட்டணமும் உண்டு.

லீ நதிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. ஸ்பிரிங்ஃபீல்டில் துடுப்புப் படகுப் போட்டிக்காரர்களின் சங்கம் இருக்கிறது. எட்டுப் பேர் வலிக்கும் போட்டிப் படகு ஏறக்குறைய 18 மீட்டர் நீளம்; வலிப்பவர்கள் முதுகைக் காட்டியபடியே முன்னேறுகிறார்கள்; இருபுறமும் நீளும் துடுப்புகளுக்கு அகலமான நீர் வேண்டும். இரட்டை வரிசையாகக் கட்டிய வசிப்புப் படகுகளுக்கும் இவர்களுக்கும் இடையில் இடம் போதவில்லை என்பதால், 2021இல் டிரஸ்ட் அப்பகுதியில் நீர்ப்பாதுகாப்பு மண்டலங்களை அறிவித்துக் கட்டுமிடங்களைக் குறைத்தது. படகில் வாழ்பவர்கள் அதை எதிர்த்துப் போராடினார்கள். இரண்டு தரப்புக்கும் நியாயம் உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும், நின்றுகொண்டிருந்த இடம் ஒரே அறிவிப்பில் இல்லாமல் போகலாம் என்பது மூரிங் இல்லாதவர் கணக்கில் சேர வேண்டிய செலவே.

அன்றாட வாழ்வில் தண்ணீர், கழிவு, மின்சாரம் மூன்றும் நம் கைவேலை. தொட்டியில் சில நூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். பொதுக் குழாயடியில் வரிசையில் நின்று நிரப்ப வேண்டும். கழிவறைக்குக் கேசட் வைத்திருப்பவர்கள், ஏறக்குறைய இருபது லிட்டர் கொள்ளும் அந்தப் பெட்டியை எல்சன் எனப்படும் கழிவுத் தொட்டிவரை சுமந்து சென்று கொட்டிக் கழுவ வேண்டும். மழையில், வழுக்கும் கரைப்பாதையில், நிறைந்த கேசட்டைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போவதைச் சகித்துக்கொள்வீர்களா என்று உங்களையும் உங்கள் துணையையும் தனித்தனியே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தொட்டி வைத்து உறிஞ்சி எடுக்கச் செய்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் 20 பவுண்டுக்கு மேல் ஆகும். கால்வாய் உறைந்துவிட்டால் உறிஞ்சும் இடத்துக்குப் போகவே முடியாது.

மின்சாரம் கோடையில் சூரியத் தகட்டிலிருந்து தாராளமாக வரும். டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்தான், அதுவும் மேகமூட்டம். அப்போது எஞ்சினை ஓட்டித்தான் பேட்டரியை ஏற்ற வேண்டும். இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினை ஓட்டக் கூடாது என்பது விதி. பகல் முழுவதும் அலுவலகத்தில் இருப்பவர் எப்போது ஓட்டுவார் என்பதை யோசித்துப் பாருங்கள். நம் சமையலறைக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 750 வாட் மிக்ஸி தொடங்கும் கணத்தில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும் என்பதால் சிறிய இன்வெர்ட்டர் கைவிட்டுவிடும். சட்னி அரைப்பதைப் படகு நகரும் நேரத்துக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். மறுபுறம், கரி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த தோசைமாவு ஜனவரியிலும் ஒரே இரவில் பொங்கிவிடும். லண்டன் வீடுகளில் எளிதில் கிடைக்காத வசதி இது.

அந்தக் கரி அடுப்பே குளிர்காலத்தின் மையம். புகையற்ற கரி மூட்டை வாரத்துக்கு ஒன்று, கடுங்குளிரில் இரண்டு ஆகும்; எரிபொருள் படகு அந்தப் பக்கம் வரும் நாளைத் தெரிந்து வைத்திருந்து வாங்க வேண்டும். சமையல் ஆவியும் மூச்சும் சேர்ந்து ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் நீராக வழியும்; காலையில் அதைத் துடைக்காவிட்டால் கட்டில் அடியிலும் அரிசி டப்பா மூடியிலும் பூஞ்சை பிடிக்கும். கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி 2019 முதல் பாதுகாப்புச் சான்றிதழுக்கே கட்டாயம். குளிருக்காகக் காற்றுத் துளைகளை அடைப்பவர்கள் தங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

குளிர்காலத்துக்கு மட்டும் ஓர் இடைவழி உண்டு. நவம்பரிலிருந்து பிப்ரவரி முடியும்வரை ஓரிடத்தில் நிற்க, டிரஸ்ட் பணம் பெற்றுக்கொண்டு குளிர்கால மூரிங் தருகிறது. லாக்குகளைப் பழுதுபார்க்கக் கால்வாயின் பகுதிகளை மூடுவதும் அதே மாதங்களில்தான் என்பதால், முதல் ஆண்டுக்காரர்கள் இந்தச் செலவைச் செய்துவிடுவதே நல்லது.

## இரண்டாம் வழி: குடியிருப்பு மூரிங்

குடியிருக்கத் திட்ட அனுமதி பெற்ற மூரிங்குகள் லண்டனில் மிகக் குறைவு. நகரின் மையத்தில் ஆண்டு வாடகை 10,000 பவுண்டைத் தாண்டுவது வியப்பல்ல. நகரெல்லையை விட்டு வெளியே போகப் போகக் குறையும். பெரும்பாலும் படகின் நீளத்தைக் கொண்டே கட்டணம் போடுவதால், மூரிங் கிடைக்கும் முன்பே 60 அடிப் படகை வாங்கிவிட்டவர், 45 அடிக்கு மட்டும் இடமுள்ள நல்ல மூரிங்கைக் கைநழுவ விட நேரும். படகைப் பிறகு பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கிடைப்பவை மதிப்புள்ளவை: கரையிலிருந்து மின் இணைப்பு, குழாய்த் தண்ணீர், குப்பைத் தொட்டி, தபால் பெட்டி, பூட்டிய வாசல், பேச்சுத்துணைக்கு அயலார். முகவரி இருப்பதால் வங்கி, ஓட்டுநர் உரிமம், பள்ளிச் சேர்க்கை ஆகியவை சிக்கலில்லாமல் நடக்கும். முதல் வழியில் இருப்பவர் தேசிய நலவாழ்வுச் சேவை மருத்துவரிடம் முகவரிச் சான்று இல்லாமலே பதிவு செய்ய முடியும், உள்ளூர்த் தொடர்பை அறிவித்து வாக்காளராகவும் ஆகலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லி வாதாட வேண்டும். மூரிங்காரருக்கு அந்த அலைச்சல் இல்லை.

மறை செலவுகள் மூன்று. பல குடியிருப்பு மூரிங்குகளுக்கு உள்ளாட்சி வரி உண்டு. பொதுவாக மிகக் குறைந்த அடுக்கில் வரும். மரினா எனப்படும் படகுத்துறையில் கட்டினால், மின்சாரத்தை மரினாக்காரர் தம் மீட்டரில் விற்பார். மூன்றாவது எளிதில் கண்ணில் படாதது: கரை மின்சாரத்தில் இணைத்த படகுகள் அனைத்தும் மண்ணிணைப்புக் கம்பி வழியே ஒன்றோடொன்று மின்தொடர்பு பெறுகின்றன. நீர் இடையில் இருப்பதால், ஒரு படகின் உலோகம் இன்னொன்றின் உலோகத்தை அரிக்கத் தொடங்கும். கால்வானிக் ஐசோலேட்டர் என்ற சிறு கருவி அதைத் தடுக்கும். அது இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மரினாவில் நின்ற படகின் அடித்தகட்டில் குழிகள் விழுந்திருக்கும். நகராமல் பத்திரமாக நின்ற படகு என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால், சர்வேயரிடம் இதைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டப் பாதுகாப்பு விஷயத்தில் இந்த வழியை மிகைப்படுத்தக் கூடாது. மூரிங் ஒப்பந்தம் பெரும்பாலும் வாடகைதாரர் உரிமை தருவதல்ல, அனுமதி மட்டுமே. குறித்த கால அறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளவும், கட்டணத்தை ஏற்றவும் உரிமையாளருக்கு வழி இருக்கும். கையெழுத்திடும் முன் அறிவிப்புக் காலம், கட்டண உயர்வு வரம்பு, உறவினர் வந்து தங்குவதற்கான விதி ஆகிய மூன்றையும் வாசியுங்கள். மூரிங்கோடு படகு விற்பனைக்கு என்ற விளம்பரங்களில் விலை கணிசமாகக் கூட்டிச் சொல்லப்படும். படகின் உரிமை மாறும்போது மூரிங்கும் தானாக மாறும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. மூரிங் உரிமையாளரிடமிருந்தே எழுத்தில் வாங்காமல் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டாம்.

## மூன்றாம் வழி: பொழுதுபோக்கு மூரிங்கில் ஓசைப்படாமல்

இதைப் பலர் செய்கிறார்கள். சில மரினாக்கள் கண்டும் காணாமல் விடுகின்றன. கட்டணம் குடியிருப்பு மூரிங்கைவிடக் குறைவு, வசதிகள் ஏறக்குறைய அவையே. மரினாவின் ஒப்பந்தத்தில் இது முதன்மை வசிப்பிடம் ஆகாது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இருக்கும்வரை, அங்கே தபால் பெறுவதும் பள்ளிக்கு அந்த முகவரியைக் கொடுப்பதும் உங்களுக்கு எதிரான சான்றாகவே மாறும். உள்ளாட்சியின் திட்டத்துறை விசாரிக்கத் தொடங்கினால், அதுவரை புன்னகைத்த மேலாளர் முதலில் காப்பாற்றப்போவது தம் மரினாவை.

விசாவில் இருப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. உள்துறை அலுவலகத்துக்கும், வேலை விசா என்றால் நிறுவனத்துக்கும், உண்மையான வசிப்பிட முகவரி தர வேண்டும். துணைவருக்கான விசாவில் போதுமான தங்குமிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். அங்கே வசிக்கவில்லை என்று மரினாவிடமும், அங்கேதான் வசிக்கிறேன் என்று அரசிடமும் சொல்லும் நிலை எப்படி முடியும் என்பதை விளக்கத் தேவையில்லை. படகை வசிப்பிடமாகக் காட்டுவதாக இருந்தால், எந்த வழியானாலும் குடிவரவு வழக்கறிஞரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இந்த வழி நியாயமாகப் பொருந்தும் ஆள் ஒருவர் உண்டு: வேறு ஊரில் உண்மையான வீடு வைத்துக்கொண்டு, வாரத்தில் சில இரவுகள் மட்டும் லண்டனில் தங்குபவர். அவருக்கும் ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு எத்தனை இரவு அனுமதி என்பது முக்கியம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நகர்ந்துகொண்டிருப்பது | குடியிருப்பு மூரிங் | பொழுதுபோக்கு மூரிங் |
|---|---|---|---|
| இடச் செலவு | இல்லை. உரிமத்தில் கூடுதல் கட்டணம் மட்டும் | மிக அதிகம் | நடுத்தரம் |
| மறை செலவு | நேரம், டீசல், பேட்டரித் தேய்மானம், குளிர்கால மூரிங் | உள்ளாட்சி வரி, தகட்டு அரிப்பு, கட்டண உயர்வு | திடீரென வெளியேற நேர்ந்தால் ஆகும் மொத்தச் செலவு |
| சட்ட நிலை | நகர்ந்தால் உறுதி. நகராவிட்டால் உரிமமே போகும் | ஒப்பந்தம் உள்ளவரை | வலுவற்றது |
| உழைப்பு | மிக அதிகம் | குறைவு | குறைவு |
| பள்ளி, முகவரி | கடினம் | எளிது | ஆபத்து |
| குளிர்காலம் | கடுமை | சமாளிக்கலாம் | சமாளிக்கலாம் |

நான்காவதாக ஒன்றை யாராவது உங்களிடம் சொல்லக்கூடும்: படகை வாங்காமல் வாடகைக்கு எடுப்பது. வாடகைக்கு விடும் படகுக்கு வேறு வகை உரிமமும் கடுமையான பாதுகாப்புச் சோதனையும் வேண்டும். அவை இல்லாமல் வாடகைக்கு விடுவோர் ஏராளம். உரிம வகையையும் சான்றிதழையும் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

## கட்டுமிடத்துக்கேற்ற அகலம்

நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். மிட்லண்ட்ஸ் பகுதியின் லாக்குகள் 7 அடி அகலத்தில் கட்டப்பட்டதே அதற்குக் காரணம். வைட்பீம் எனப்படும் அகலப் படகுகள் 10 முதல் 12 அடிவரை இருக்கும். உள்ளே நுழைந்தால் சாதாரணச் சிறு வீடு போலவே தோன்றும், கட்டிலைச் சுற்றி நடக்கலாம். லண்டனைச் சுற்றியுள்ள லாக்குகள் 14 அடி என்பதால் அங்கே ஓடும். ஆக்ஸ்ஃபர்டு கால்வாய், பர்மிங்காமின் குறுகிய கால்வாய்கள் எல்லாம் அடைபட்டவை. உரிமத்தில் அகலத்துக்கென்று தனிக் கூடுதல் கட்டணமும் உண்டு.

குடியிருப்பு மூரிங் கையில் இருந்து, இருவரோ மூவரோ வாழப்போகிறீர்கள் என்றால் வைட்பீம் சரியான தேர்வு. மூரிங் இல்லாமல் நகரப்போகிறவர், அதிலும் தனியாள், அதை வாங்குவதை நான் எந்தச் சூழ்நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்: இரட்டையாகக் கட்ட இடம் கிடைக்காது, காற்றடித்தால் திருப்ப முடியாது, போகக்கூடிய வழிகளும் குறைவு. நகர்பவருக்கு 45 முதல் 57 அடிவரையிலான நேரோபோட்டே பொருத்தம்; 57 அடிக்குள் இருந்தால் வடக்கின் குறுநீள லாக்குகளிலும் பெரும்பாலும் நுழையலாம்.

## யார் எதைத் தேர்வது

வீட்டிலிருந்தே வேலை செய்யும், உடல்நலமுள்ள, தனியாளோ பிள்ளையில்லாத இணையோ என்றால், முதல் வழி உண்மையிலேயே நல்ல வாழ்க்கை, பணமும் மிஞ்சும். அவர்களுக்கும் ஒரு நிபந்தனை: லண்டனுக்குள் நின்றுவிடுவதற்கான தந்திரமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரென்ட்ஃபோர்டிலிருந்து பர்மிங்காம்வரை 137 மைலும், லீ நதியில் ஹார்ட்ஃபோர்டுவரையும் போகும் ஆசை இருப்பவருக்கு 14 நாள் விதி சுமையாகவே தெரியாது. ஆசை இல்லாதவருக்கு அது ஒவ்வொரு இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்கும் தண்டனை.

வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் போகிறவர், லண்டனில் மலிவாக இருக்கத்தான் படகைத் தேடுகிறார் என்றால், கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். நகர மையத்துக் குடியிருப்பு மூரிங் வாடகையோடு படகுக் கடனின் தவணை, பராமரிப்பு, விலைச் சரிவு ஆகியவற்றைச் சேர்த்தால், புறநகரில் ஓர் அறை வீட்டு வாடகைக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்கலாம். மிச்சம் பிடிப்பதற்காக வாங்கக் கூடாது.

பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் குடியிருப்பு மூரிங் ஒன்றே வழி; அதுவும் அறிவிப்புக் காலம் நீண்ட ஒப்பந்தமாக, வேலியும் விளக்கும் உள்ள இடமாக இருக்க வேண்டும். வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள் என்றால், படகின் பின்தளத்திலிருந்து உள்ளே இறங்கும் செங்குத்துப் படிகளையும், கரைக்கும் படகுக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் அவர்கள் கண்ணால் பாருங்கள். அநேகமாக அங்கேயே முடிவு தெரிந்துவிடும். மூரிங்குக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டு, முறை வரும்வரை வாடகை வீட்டிலேயே இருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை. விற்பனைக்கு வரும் படகுகளுக்கு எந்தப் பருவத்திலும் பஞ்சமில்லை, குளிர்காலத்தில் விற்பவர்களோ பேரத்துக்கும் இறங்கி வருவார்கள்.